விரல்வழிக் கல்வி: மரியா மாண்டிசோரி

பலகையும் பாடநூலும் கையில் ஏறிய நாளில்தான் குழந்தையின் கல்வி தொடங்குகிறது என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அதற்கு வெகுமுன்பே, ஒரு மரத்துண்டைப் பற்றிக் குழியில் பொருத்தும் பிஞ்சு விரல்களில் அது தொடங்கிவிடுகிறது என்று கண்டவர் மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர்; மருத்துவர்.

இத்தாலியின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870 ஆகஸ்டு 31ஆம் நாள் பிறந்தார். மகள் ஆசிரியராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகளோ தொழில்நுட்பப் பள்ளியில் பயின்று, பின்னர் மருத்துவத்தின்பால் நாட்டம் கொண்டு, 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். ஆடவரோடு சேர்ந்து பிணக்கூறாய்வு செய்வது பெண்ணுக்குத் தகாது எனக் கருதப்பட்டதால், மற்ற மாணவர் சென்றபின் தனியே இருந்து அப்பயிற்சியை முடித்தார். ஆசிரியப் பணியை வேண்டாம் என ஒதுக்கியவரை அப்பணியே தேடிவந்தது.

ரோம் நகர மனநலக் காப்பகங்களில், அறிவு வளர்ச்சி குன்றியோர் எனப்பட்ட குழந்தைகள் வெற்றறைகளில் அடைபட்டுக் கிடந்தனர். தொட்டுப் பார்க்கவும் எடுத்து விளையாடவும் அங்கு ஒரு பொருளும் இல்லை. மருந்தைவிட அவர்களுடைய கைகளுக்கு வேலையே தேவை என உணர்ந்தார் அம்மையார். பிரெஞ்சு மருத்துவர்களான இட்டார், செகன் ஆகியோரின் நூல்களைக் கற்று, பொருள்களின் வழியே பயிற்சி அளித்தார். அவர்களுள் சிலர் ஏனைய மாணவரோடு பொதுத்தேர்வு எழுதித் தேர்ச்சியும் பெற்றனர். ஊர் வியந்தது. அம்மையாருக்கோ வேறொரு கவலை எழுந்தது. இவர்களால் இவ்வளவு இயலுமெனில், நலமாகப் பிறந்த குழந்தைகளைப் பள்ளிகள் எவ்வளவு தாழ்வாக வைத்திருக்கின்றன என்பதே அக்கவலை.

விடை காணும் வாய்ப்பு 1907 ஜனவரி 6ஆம் நாள் கிட்டியது. ரோமின் ஏழ்மை மிக்க சான் லொரென்சோ பகுதியில், கூலித் தொழிலாளர் வேலைக்குச் சென்றபின் அவர்தம் குழந்தைகள் குடியிருப்புச் சுவர்களைக் கெடுத்துக்கொண்டிருந்தனர். சுவர்களைக் காக்க விரும்பிய கட்டட உரிமையாளர்கள் ஓர் அறையை ஒதுக்கித் தந்தனர். உலகெங்கும் பரவிய ஒரு கல்விமுறைக்குத் தொடக்கம் இதுதான்! ஏறத்தாழ 50 குழந்தைகளுடன் ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கியது.

அங்குப் பாடவேளைகள் இல்லை. ஒரு செயலுக்குள் பல பாடங்கள் கலந்திருந்தன. சிறு குமிழ் பொருத்திய மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் இடும்போது குழந்தை பருமனையும் உயரத்தையும் ஒப்பிடுகிறது, அது கணக்கு. பெரியது, சிறியது என்னும் சொற்களை அறிகிறது, அது மொழி. குமிழை மூன்று விரல்களால் பற்றுகிறது. அப்பிடியே பின்னாளில் எழுதுகோலைப் பிடிக்கும் பிடி. பிழையாக இட்டால் ஓர் உருளை இடமின்றி எஞ்சும். திருத்த ஆசிரியர் வரவேண்டுவதில்லை. திருப்பருத்திக்குன்றம் போன்ற நெசவூர்களில், தெருவில் பாவு விரிக்கப்படுவதைக் காணும் குழந்தைக்கு நிறமும் நீளமும் எண்ணிக்கையும் அவற்றுக்குரிய சொற்களும் ஒருசேரவே வந்து சேர்கின்றன. அவற்றை வெவ்வேறு பாடங்களாகப் பிரித்தவர் பெரியவர்களே. வாழ்வில் தானாக நிகழும் இந்தக் கலப்பைத் திட்டமிட்டு ஒழுங்குபடுத்தியதே அம்மையாரின் அருஞ்செயல்.

உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவி, அவற்றின் ஒலியைச் சொல்லிப் பழகினர். எழுதுமாறு எவரும் அவர்களைப் பணிக்கவில்லை. குளிர்காலத்து வெயில்நாள் ஒன்றில், மொட்டைமாடியில் இருந்த ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணக்கட்டியைத் தந்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார் அம்மையார். வரைந்து முடித்தவன் சற்றே தயங்கினான். பிறகு தனக்கு எழுதத் தெரிகிறது என்று கூவியபடி தரையில் ஒரு சொல்லை எழுதினான். அச்சொல்லுக்குப் பொருள் ‘கை’. தொடர்ந்து புகைபோக்கி, கூரை என்னும் சொற்களையும் எழுதினான். மற்றக் குழந்தைகளும் சுண்ணக்கட்டி கேட்டு அவரைச் சூழ்ந்துகொண்டனர்.

புகழ் விரைந்து பரவியது. முசோலினியின் அரசு அளித்த ஆதரவை அவர் பல்லாண்டுகள் ஏற்றிருந்தது அவர் வாழ்வில் விமர்சனத்திற்குரிய பகுதியே. அவ்வுறவு முறிந்து, 1934இல் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் வாழ்ந்தவரை 1936இல் உள்நாட்டுப் போர் நெதர்லாந்துக்குத் துரத்தியது.

இந்நிலையில், பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், அவர்தம் துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, 1939ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் பயிற்சிக்குத் திரண்டனர். ஓலைக் கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. அம்மையார் இத்தாலிய மொழியில் உரையாற்ற, மகன் மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். சில திங்களில் திரும்பிவிடலாம் என்று எண்ணி வந்த பயணம் அது.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் இந்தியாவில் அவ்விருவரும் ஒரே நாளில் பகைநாட்டார் ஆயினர். மரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார்; அம்மையார் அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. அவரது 70ஆம் பிறந்தநாளையொட்டி அரசு மரியோவை விடுவித்தது. திருமணத்திற்குப் புறம்பே பிறந்ததால், மரியோவைத் தம் மகன் என்று வெளிப்படையாகக் கூறவியலாது பல்லாண்டுகள் வாழ்ந்தவர் அம்மையார். விடுதலைச் செய்தியில் அரசு அவரை மகன் என்றே குறிப்பிட்டிருந்தது. அத்தாய்க்கு இதைவிடப் பெரிய பரிசு இருந்திருக்க முடியாது.

1942 முதல் இரண்டாண்டுகள் கொடைக்கானலில் தங்கினார். மலைச்சரிவுகளின் செடியும் பாசியும் பூச்சியும் அங்குப் பாடப்பொருள்களாயின. ஓர் இலையை எடுத்த குழந்தை அதன் வடிவை வரைந்தது, பெயரைக் கற்றது, ஒத்தவற்றை வகைப்படுத்தியது, அது வளரும் மண்ணையும் மழையையும் பற்றிக் கேட்டது. மழலையர்க்கு உருவான முறை ஆறு வயதுக்கு மேற்பட்டோர்க்கும் விரிவடைந்தது இம்மலையூரில்தான். கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்காகப் பிறந்த அம்முறை இன்று பெரும்பாலும் கட்டணம் மிகுந்த பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் காணப்படுவது எண்ணிப் பார்க்கத்தக்கது.

போர் முடிந்து 1946இல் ஐரோப்பா திரும்பிய அம்மையார், அடுத்த ஆண்டே மீண்டும் இந்தியா வந்தார். குழந்தையின் உள்வாங்கும் மனத்தைப் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் 1949இல் முதன்முதலாக அடையாற்றிலிருந்தே வெளிவந்தது. 1952 மே 6ஆம் நாள், நெதர்லாந்தின் நோர்ட்வெய்க் கடற்கரை ஊரில், தம் 81ஆம் வயதில் காலமானார். அன்றும் அவர், ஆப்பிரிக்காவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கச் செல்வது பற்றி மரியோவுடன் பேசிக்கொண்டிருந்தார்.