மைக்கை மறுத்த மிருதங்க மேதை

பாலக்காடு என்றதும் கோட்டை நினைவுக்கு வரும். கல்பாத்தித் தேர் நினைவுக்கு வரும். சங்கீத ரசிகர்களுக்கோ இரண்டு பெயர்கள் நினைவுக்கு வரும். ஒருவர் செம்பை வைத்தியநாத பாகவதர். மற்றவர் மிருதங்க மேதை பாலக்காடு மணி அய்யர்.

குருகுலம்

மணி அய்யர் 1912-ம் ஆண்டு ஜூன் மாதம், பாலக்காட்டை அடுத்த பழையன்னூரில் பிறந்தார். தந்தை சேஷ பாகவதர். பெற்றோர் வைத்த பெயர் ராமசாமி. அழைத்த பெயர் மணி. அந்தப் பெயரே நிலைத்தது.

சாத்தபுரம் சுப்பய்யரிடம் மிருதங்கப் பாடம் தொடங்கியது. சிறுவனின் கைவண்ணத்தைக் கண்ட செம்பை, தம் கச்சேரிகளில் வாசிக்க வைத்துச் சென்னை ரசிகர்களுக்கு அறிமுகம் செய்தார். பேர் கிடைத்துவிட்டது என்று மணி அய்யர் இருந்துவிடவில்லை. தஞ்சாவூர் வைத்தியநாத அய்யரிடம் சிஷ்யராகச் சேர்ந்து, வித்தையை மேலும் வளர்த்துக்கொண்டார். கஞ்சிரா மேதை புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையுடன் ஒரே மேடையில் வாசிக்கும் பாக்கியமும் இளம் வயதிலேயே கிட்டியது.

நாதமே உயிர்

வேகமும் கணக்கும் பல வித்வான்களிடம் உண்டு. மணி அய்யர் தேடியது நாதம். பலா மரத்தைக் குடைந்து செய்த கட்டை, வலந்தலையில் கறுப்புச் சாதம், இடப்பக்கம் தொப்பியில் ஈர ரவை, இழுத்துக் கட்டிய வார் - இவற்றுள் ஒன்று பிசகினாலும் நாதம் கெடும். தஞ்சாவூரில் மிருதங்கம் செய்த பர்லாந்து என்ற கைவினைஞருடன் அமர்ந்து, தோலையும் சாதத்தையும் ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றிச் சோதித்தார். வாசிப்பவரின் புகழுக்குப் பின்னால் செய்பவரின் உழைப்பும் இருந்தது.

பாடகர் கீர்த்தனையை எடுத்தால் மிருதங்கமும் சேர்ந்து பாடுவதுபோல் இருக்கும். எங்கே வாசிக்க வேண்டும் என்பது மட்டுமல்ல, எங்கே கையை எடுக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

மைக் வேண்டாம்

சபாக்களுக்கு மைக் வந்தது. கடைசி வரிசைக்கும் பாட்டு எட்டியது உண்மைதான். ஆனால் பாடகர்கள் வாய்விட்டுப் பாடும் பழக்கம் குறைந்தது. தொப்பியின் மெல்லிய கும்காரம், குழாய் வழியே வேறு ஓசையாக வெளிவந்தது. பாட்டுக்கும் பக்கவாத்தியத்துக்கும் உள்ள அளவை, வித்வானின் காது அல்ல, திருகாணியைத் திருப்புகிறவர் நிர்ணயித்தார். மணி அய்யருக்கு இது பொறுக்கவில்லை.

1960-களில், மைக் வைத்த கச்சேரிகளில் வாசிப்பதில்லை என்று அறிவித்தார். புகழின் உச்சியில் எடுத்த முடிவு இது. பெரிய மண்டபங்களில் மைக் இல்லாமல் கச்சேரி வைக்கச் சபாக்கள் தயங்கின. வாய்ப்புகளும் வருமானமும் குறைந்தன. அதைத் தெரிந்தேதான் அவர் விலகி நின்றார். பிற்காலத்தில் பிடிவாதத்தைச் சற்றுத் தளர்த்திக்கொண்டாலும், கொள்கை மாறவில்லை.

கௌரவங்கள்

1965-ல் பாடகர் கே. வி. நாராயணசாமி, வயலின் வித்வான் லால்குடி ஜெயராமன் ஆகியோருடன் எடின்பரோ விழாவில் வாசித்தார். 1966-ல் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது. மிருதங்க வித்வான் ஒருவருக்கு அப்பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை. 1971-ல் பத்மபூஷண் விருது வந்தது. ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பாலக்காடு ரகு அவரது புகழ்பெற்ற சீடர்களுள் ஒருவர். டி. கே. பட்டம்மாள் இவருக்குச் சம்பந்தி. பாடகி நித்யஸ்ரீ மகாதேவன் இருவருக்கும் பேத்தி.

1981-ம் ஆண்டு மே 30-ம் தேதி மணி அய்யர் காலமானார்.

இன்று மிருதங்கத்தின் இருபுறமும் மைக் நிற்கிறது. ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் நிறம் மாற்றவும் எத்தனையோ கருவிகள் மேடைக்கு வந்துவிட்டன; கிதார் கலைஞர் காலால் பெடலை மிதித்தே நாதத்தை மாற்றிக்கொள்கிறார். அவை வேண்டாம் என்று இனிச் சொல்ல முடியாது. ஆனால் கருவியில் பிறக்காத நாதத்தை மின்சாரம் கொடுத்துவிடாது. பாலக்காட்டு மண்ணில் பிறந்த அந்த மேதை, தம் பிழைப்பையே பணயம் வைத்துக் காட்டிச் சென்ற பாடம் இது.