இலையின் தொழிலை ஆராய்ந்த இங்கன்ஹவுஸ்

நாம் உண்ணும் உணவுக்கும் உயிர்க்கும் மூச்சுக்கும் பசிய இலையே மூலம் என்பதை இன்று சிறுவரும் அறிவர். கதிரவன் ஒளியின்றி அவ்விலை தன் தொழிலை இயற்றாது என்று நிறுவியவர் யான் இங்கன்ஹவுஸ் என்னும் மருத்துவர். அன்னாரது சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1730-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 8-ஆம் நாள் நெதர்லாந்து தேசத்துப் பிரேடா நகரிற் பிறந்தார். மருத்துவங் கற்று, தம் ஊரில் அத்தொழிலை நடத்தியபின் இங்கிலாந்து சென்றார். அக்காலத்தில் வைசூரி எண்ணிறந்தோரை மாய்த்து வந்தது. நோயுற்றோர் கொப்புளத்து நீரைச் சிறிதளவு பிறர் உடலிற் புகுத்திக் காக்கும் முறையில் இவர் வல்லவரானார். 1768-இல் வியன்னா சென்று, பேரரசி மரியா தெரேசாவின் குடும்பத்தார்க்கு அம்மை குத்தி வெற்றி கண்டார். அதனால் ஆயுள் முழுதும் அரசாங்க ஊதியம் பெற்றார். எனினும் சுகவாழ்வில் மனம் அமைந்தாரல்லர்.

மெழுகுவர்த்தி எரிந்து கெட்ட காற்றைப் புதினாச் செடி திருத்துதலை ஆங்கிலப் போதகராகிய பிரீஸ்ட்லி 1771-இல் கண்டிருந்தார். ஆயின் அச்சோதனை ஒருகால் பலித்தது, ஒருகால் பொய்த்தது. காரணம் எவர்க்கும் விளங்கவில்லை. 1779-ஆம் ஆண்டு வேனிலில் இங்கன்ஹவுஸ் லண்டன் நகர்க்கு அருகே ஒரு வீட்டை அமர்த்திக்கொண்டு, மூன்று மாதத்துள் 500-க்கு மேற்பட்ட சோதனைகளைச் செய்தார். இலைகளை நீர்க்கலத்தில் அமிழ்த்தி வெயிலில் வைத்தார். பிராணவாயுக் குமிழிகள் எழுந்தன. இருளில் வைத்தார், அவை நின்றன. வெம்மையன்று, ஒளியே காரணம் என்றும், வேரும் மலரும் அன்று, பசிய பாகங்களே அப்பணி புரிவன என்றும் துணிந்து, அவ்வாண்டே நூலாக வெளியிட்டார்.

அவரிடம் பிழையும் உண்டு. இரவிற் செடிகள் காற்றைக் கெடுக்கும் என்று அவர் அஞ்சியது மிகையே. முதலிற் கண்டவர் யார் என்னும் வழக்கும் எழுந்தது. அவர் ஆராய்ச்சியை விட்டிலர். தாவரங்கள் காற்றிலுள்ள கரியமிலவாயுவையே உணவாகக் கொள்கின்றன என்று 1796-இல் எழுதினார். 1799-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் இங்கிலாந்தில் உயிர்நீத்தார்.

ஒளியில் தொழில் புரியும் இலை கண்ணுக்குப் புலனாகாத செவ்வொளி ஒன்றையும் மெல்ல உமிழ்கின்றது. 2009-இல் ஜப்பானியர் விண்ணில் ஏவிய, மூச்சு எனப் பொருள்படும் இபுக்கி என்னும் செயற்கைக்கோளின் துணையால் அவ்வொளியின் உலகப் படங்கள் 2011-இல் வரையப்பட்டன. வானினின்று கண்ட பசுமையைக் கொண்டு இலைகளின் ஆற்றலையும் அறிஞர் கணிக்கின்றனர். ஆயினும் அக்கணக்கு மெய்யோ என்று தேர்வதற்கு, ஒருவர் காட்டிற் சென்று ஓர் இலையைக் கருவியிற் பொருத்தி அளத்தல் வேண்டும். இங்கன்ஹவுஸ் தொடங்கிய பணி இன்னும் ஒழியவில்லை. உலகனைத்தையும் அளக்க விழைவோர் ஓரிலையைப் பொறுமையோடு நோக்கக் கற்பார்களாக.