துப்பறியும் கதை தந்த கோதைநாயகி அம்மாள்

நூலகத்திற்குச் சென்றால் நம்மில் பலர் முதலில் தேடுவது துப்பறியும் நாவலைத்தான்! தமிழில் அத்தகைய நாவல் எழுதிய முதல் பெண்மணியாகப் போற்றப்படுபவர் வை. மு. கோதைநாயகி அம்மாள்.

இவர் 1901ஆம் ஆண்டு பிறந்தார். ஐந்தரை வயதிலேயே திருமணம் நடந்துவிட்டது. பள்ளிக்குச் சென்று பயிலும் வாய்ப்பு இவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் குழந்தைகளைச் சுற்றி அமரவைத்துக் கதை சொல்வதில் வல்லவராக விளங்கினார். மனத்தில் கதைகள் ஊறின, எழுதத்தான் தெரியவில்லை. எனவே ‘இந்திர மோகனா’ என்னும் முதல் நாடகத்தை இவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அந்நூல் 1924இல் அச்சாயிற்று. பின்னர் அத்தோழியிடமே எழுதக் கற்றுக்கொண்டார். கணவர் பார்த்தசாரதி துணை நின்றார்.

1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று, முப்பத்தைந்து ஆண்டுகள் நடத்தினார். பெண் எழுதுவதா என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. அம்மையார் கலங்கவில்லை. 115 நாவல்கள் படைத்தார். மர்மமும் விறுவிறுப்பும் நிறைந்த கதைகளோடு பெண்கள் முன்னேற்றத்தையும் எழுதினார். நாட்டு விடுதலைக்காக 1932இல் சிறை சென்றார். 1960இல் மறைந்தார்.

பிரம்மதேசத்துத் தோழியரே! எழுதத் தெரியாதிருந்த ஒரு பெண் அலமாரி நிறைய நூல்கள் தந்தார். பத்து ஆண்டுகள் பள்ளியில் பயின்ற நாம் ஒரு கதையாவது எழுத வேண்டாமா?