பார்வையற்ற பேராசான் தாஹா ஹுசைன்

எகிப்தின் மகாகா நகரை அடுத்த சிற்றூரொன்றில் 1889ஆம் ஆண்டு பிறந்தவர் தாஹா ஹுசைன். கண்ணோய்க்குச் செய்த தவறான வைத்தியத்தால் குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தார். எனினும் சிறுவயதிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்து, 1902இல் கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் மாணவரானார்.

அந்நாளில் எகிப்து ஆங்கிலேயரின் பிடியில் இருந்தது. அந்நாட்டிற்குப் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டுமென்பதை ஆங்கிலப் பிரதிநிதி குரோமர் விரும்பவில்லை. மக்களோ நன்கொடை திரட்டி 1908இல் அதனைத் தொடங்கிவிட்டனர். இளவரசி ஃபாத்திமா பின்னர் தம் நிலத்தையும் நகைகளையும் அதற்கு ஈந்தார். (கல்விக்கூடம் எழுப்பப் பொருள் திரட்டிய பெரியோர் இதன் அருமையை அறிவர்.) இத்தாலியரான நல்லினோ, ஜெர்மானியரான லிட்மன் முதலிய அறிஞர்கள் அங்கே அரபுமொழியிலேயே பாடம் நடத்தினர். அயலார் வாயிலாகத் தம் மொழியின் இலக்கிய வரலாற்றைக் கேட்ட தாஹா வியப்புற்றார். அல்-அஸ்ஹர் அவருக்குப் பட்டம் வழங்க மறுத்தது. 1914இல் இப்பல்கலைக்கழகத்தின் முதல் டாக்டர் பட்டத்தை அவரே பெற்றார்.

அதன்பின் பிரான்ஸ் சென்றார். அங்கே அவருக்கு நூல்களைப் படித்துக்காட்டிய சூசான் என்னும் மங்கையே பின்னாளில் அவர்தம் வாழ்க்கைத் துணைவியானார். சார்போனில் இப்னு கல்தூனை ஆய்ந்து மற்றொரு டாக்டர் பட்டம் பெற்று, 1919இல் தாயகம் திரும்பிப் பேராசிரியரானார்.

1926இல் அவர் வெளியிட்ட நூல் பெரும் புயலை எழுப்பிற்று. இஸ்லாத்திற்கு முந்திய கவிதைகளுள் பெரும்பகுதி பிற்காலத்தார் புனைந்தவை என்றார். திருக்குர்ஆன் கூறும் வரலாற்றையும் ஐயுற்ற வரிகள் அதில் இருந்தன. உலமாக்கள் மனம் புண்பட்டதில் வியப்பில்லை; அவ்வரிகளை நாமும் ஏற்பதற்கில்லை. வழக்கு கைவிடப்பட்டது. தாஹாவும் அப்பகுதியை நீக்கி மறுபதிப்பு வெளியிட்டார். ஆனால் ஆட்சியாளர் முன் அவர் வளையவில்லை. அரசியலார்க்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்க உடன்படாததால் 1932இல் பதவி இழந்தார்.

1942இல் அலெக்ஸாந்திரியாவில் எழுந்த பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரும் அவரே. 1950இல் கல்வி அமைச்சராகி, உயர்நிலைப் பள்ளிக் கட்டணத்தை நீக்கினார். அவ்வாண்டே ஸ்பெயினின் மத்ரீதில் எகிப்திய இஸ்லாமிய ஆய்வு நிறுவனத்தைத் திறந்துவைத்தார். ஐரோப்பியப் பேராசிரியர்களிடம் மாணவராய் அமர்ந்தவர், எகிப்தின் அறிஞர்களை ஐரோப்பாவிற்கு அனுப்பி அரபுக் கல்வியைப் பரப்பினார்.

1973 அக்டோபர் 28இல் அன்னார் மறைந்தார். அவ்வாண்டு ஐக்கிய நாடுகள் சபை வழங்கிய மனித உரிமைப் பரிசு பெற்றோர் வரிசையில் அவர் பெயரும் இடம்பெற்றிருந்தது.