ஐந்து டாலர் போர்வை

குட்டீஸ்! ஜீன்ஸ் பேன்ட்டில் பூ, நட்சத்திரம், பறவை என்று வேறு வேறு துணிகளை வெட்டி வைத்துத் தைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் அதன் மேல் எம்ப்ராய்டரியும் போட்டிருப்பார்கள். துணி மேல் துணி வைத்துத் தைக்கும் இந்தக் கலைக்கு 'அப்ளிக்' என்று பெயர். இதே கலையில் பெரும் புகழ் பெற்ற ஒரு பெண்ணின் கதையைக் கேளுங்கள். அவர் பெயர் ஹேரியட் பவர்ஸ்.

ஹேரியட், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1837-ம் ஆண்டு பிறந்தார். அந்தக் காலத்தில் அங்கே கறுப்பின மக்களை ஆடு, மாடுகளைப் போல விலைக்கு வாங்கி, விற்றார்கள். ஹேரியட்டும் அடிமையாகத்தான் பிறந்தார். உள்நாட்டுப் போர் முடிந்து, 1865-ல் அடிமை முறை ஒழிந்தபோது அவர் இருபதுகளின் இறுதியில் இருந்தார்.

பிறகு கணவரோடு சிறிய அளவில் விவசாயம் செய்தார். துணித் துண்டுகளை மனிதர், மிருகம், நட்சத்திர வடிவங்களில் வெட்டி, பெரிய போர்வை ஒன்றைத் தைத்தார். அதில் 11 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பைபிளில் வரும் ஒரு காட்சி!

1886-ல் ஏதென்ஸில் நடந்த பருத்திக் கண்காட்சியில் அந்தப் போர்வை வைக்கப்பட்டது. ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை அதைப் பார்த்து அசந்துபோனார். விலைக்குக் கேட்டார். என்ன விலை கொடுத்தாலும் தர முடியாது என்று ஹேரியட் மறுத்துவிட்டார்.

சில வருடங்கள் ஓடின. குடும்பத்தில் பணக் கஷ்டம். வேறு வழியில்லாமல், போர்வையைச் சுத்தமான மாவுச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஜென்னியிடம் போனார். பத்து டாலர் கேட்டார். ஜென்னியால் ஐந்து டாலர்தான் தர முடிந்தது. கணவரிடம் யோசனை கேட்டுவிட்டு, மனசே இல்லாமல் விற்றார் ஹேரியட். ஆனால், கொடுக்கும் முன் ஒவ்வொரு கட்டத்தின் கதையையும் விளக்கிச் சொன்னார். ஜென்னி அதை எழுதி வைத்துக்கொண்டார். அதனால்தான் அந்தக் கதைகள் இன்று நமக்குத் தெரிகின்றன.

விற்ற பிறகும் ஹேரியட்டால் போர்வையை மறக்க முடியவில்லை. அதைப் பார்ப்பதற்காகவே பலமுறை ஜென்னி வீட்டுக்குப் போனார். தன்னிடம் மிச்சமாகும் வெட்டுத் துணிகளை எல்லாம் சேர்த்துத் தருவதாக ஜென்னி சொன்ன பிறகுதான் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்!

ஹேரியட் அதோடு நின்றுவிடவில்லை. 15 கட்டங்கள் கொண்ட இன்னொரு போர்வையையும் தைத்தார். 1833-ல் வானத்திலிருந்து எரிநட்சத்திரங்கள் மழையாகக் கொட்டிய இரவு அதில் இருக்கிறது. அவர் பிறப்பதற்கு நான்கு வருடங்களுக்கு முன் நடந்தது அது. பெரியவர்கள் சொல்லக் கேட்டதைத் துணியில் கொண்டு வந்துவிட்டார்! 500 மைல் ஓடியதாகச் சொல்லப்பட்ட ஒரு பன்றிக்கும் அதில் இடம் உண்டு. அதன் பெயர் பெட்ஸ்.

ஹேரியட் 1910-ல் இறந்தார். ஐந்து டாலருக்கு விற்ற போர்வை இன்று வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. இரண்டாவது போர்வை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் தைத்தவற்றில் இன்று நம்மிடம் மிஞ்சியிருப்பவை இந்த இரண்டும்தான்.

தையல்காரர் வெட்டிப் போடும் துண்டுத் துணிகளை இனிமேல் குப்பையில் போடாதீர்கள், குட்டீஸ். உங்கள் பாட்டி சொன்ன ஒரு கதையை அதில் வெட்டித் தைத்துப் பாருங்களேன்!