கட்டும் விடுதலையும்: இம்மானுவேல் காண்ட்

1764ஆம் ஆண்டில் பிரஷ்ய அரசு, கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தின் கவிதைத்துறைப் பேராசிரியர் பதவியை நாற்பது வயதுடைய விரிவுரையாளர் ஒருவருக்கு அளிக்க முன்வந்தது. அவருக்கு நிலையான ஊதியம் இல்லை. பாடம் கேட்க வரும் மாணவர் தரும் கட்டணமே வருவாய். எனினும் அவர் அப்பதவியை ஏற்க மறுத்தார். அதில் அமர்பவர் அரசு விழாக்களுக்கும் பல்கலைக்கழகச் சடங்குகளுக்கும் வாழ்த்துப்பா இயற்றித் தருதல் வேண்டும். அது தமக்குரிய பணியன்று என அவர் கருதினார். கவிஞர் நிறைந்த நம் வட்டத்தில் இச்செய்தியை முதற்கண் சொல்லத் தோன்றுகிறது. வாழ்த்துப்பாவின் தொல்லையை நம்மினும் நன்கறிந்தவர் யார்? அவ்விரிவுரையாளரே இம்மானுவேல் காண்ட்.

1724 ஏப்ரல் 22ஆம் நாள் அதே நகரில் அவர் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணத்துக்கு வார் தைக்கும் கைவினைஞர். பெற்றோர் இருவரும் பயட்டிசம் என்னும் கிறித்தவப் பத்திநெறியில் ஆழ்ந்து நின்றவர்கள். பதின்மூன்றாம் வயதில் தாயை இழந்தார். 1746இல் தந்தையும் மறைந்தார். அதன்பின் சில ஆண்டுகள் செல்வர் இல்லங்களில் சிறுவர்க்குப் பாடம் சொல்லி வாழ்ந்து, 1755இல் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆனார். மணம் செய்துகொள்ளவில்லை, பிறந்த மாநிலத்தை விட்டு நெடுந்தொலைவு சென்றதுமில்லை. அவர் உலாவச் செல்வதைக் கண்டு ஊரார் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வர் என்னும் கதையை எல்லோரும் சொல்வர். அக்கதையே அவரை ஒரு பொறியாகக் காட்டிவிட்டது. மனிதன் பொறியா அன்றா என்பதே அவர் வாழ்நாள் முழுதும் வருந்தி ஆராய்ந்த வினா என்பதைப் பலர் மறந்தனர்.

லைப்னிஸ், வோல்ஃப் ஆகியோர் வழிவந்த மெய்ப்பொருளியலே அன்றைய ஜெர்மானியக் கல்விக்கூடங்களில் கோலோச்சியது. எதற்கும் போதிய காரணம் உண்டு. மனிதச் செயலுக்கும் உண்டு. அக்காரணம் புறத்திலிருந்து நெருக்காமல் அவனுள்ளிருந்தே எழுமாயின் அச்செயல் சுதந்திரமானதே என்பது அவர்தம் துணிபு. 1755இல் வெளிவந்த இலத்தீன் ஆய்வுரையில் இளைஞர் காண்ட்டும் இதனையே நிலைநாட்டினார். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, அதே கருத்தை அவர் எள்ளி நகையாடியதைக் காண்கிறோம். ஒருமுறை முறுக்கிவிட்டால் தானே சுழன்று இறைச்சி வாட்டும் அடுக்களைப் பொறியும் உள்ளிருந்துதான் இயங்குகிறது; இந்தச் சுதந்திரம் அப்பொறியின் சுதந்திரத்தினும் மேம்பட்டதன்று என்றார். இன்றைய என் செயலை நேற்றைய நிலை தீர்மானித்தது, நேற்றையதை அதற்கு முந்தையது தீர்மானித்தது எனச் சங்கிலி நீளுமாயின், கடந்த காலம் என் கையில் இல்லாமையால் எச்செயலும் என் கையில் இல்லை. பின்னர்த் திருடனைப் பழிப்பதும் பொருளற்றதாகும்.

இடைப்பட்ட காலத்தில் அவரை மாற்றியவருள் முதன்மையானவர் ரூசோ. அறிவே மனிதனின் பெருமை என எண்ணிக் கல்லாதாரை இகழ்ந்திருந்த தம்மை நேர்ப்படுத்தியவர் ரூசோவே என்று தம் கைக்குறிப்பில் காண்ட் எழுதிவைத்தார். படங்கள் இல்லாத அவர்தம் வீட்டுச் சுவரில் பின்னாளில் தொங்கிய ஒரே படம் ரூசோவினுடையது. சேணம் தைத்தவரின் மகனுக்கு இத்தெளிவு நூலின் வழியாக வர நேர்ந்தது வியப்பே.

1770இல் தருக்கவியல், மெய்ப்பொருளியல் பேராசிரியர் பதவி கிட்டியது. அதன்பின் பதினோர் ஆண்டுகள் ஏறக்குறைய மௌனம். 1781இல் 'தூய அறிவின் திறனாய்வு' வெளிவந்தது. நமக்குத் தோன்றும் உலகில் காரண காரியத் தொடர்பு எங்கும் அறுபடுவதில்லை. நியூட்டனின் விதிக்கு அங்கே விலக்கில்லை. ஆயின் தோற்றம் வேறு, தன்னளவில் உள்ள பொருள் வேறு. ஆகவே சுதந்திரத்தை அறிவால் நிறுவவும் இயலாது, மறுக்கவும் இயலாது. இவ்வளவே அந்நூல் ஈட்டித் தந்தது. எஞ்சியதை 1785இலும் 1788இலும் வந்த அறநூல்கள் செய்தன. மன்னன் ஒருவன், குற்றமற்ற ஒருவர்மேல் பொய்ச்சான்று சொல்லுமாறு குடிமகனைத் தூக்குமரம் காட்டி அச்சுறுத்துகிறான். அக்குடிமகன் தான் மறுத்து உயிர்விடுவான் என்று உறுதியாகச் சொல்ல மாட்டான்; ஆனால் மறுக்க இயலும் என்பதைத் தயங்காமல் ஒப்புவான். செய்ய வேண்டும் என்னும் அறவிதியே செய்ய முடியும் என்பதை அவனுக்கு அறிவிக்கிறது. சுதந்திரத்தைக் கண்டு அறத்துக்குச் செல்லாமல், அறத்தைக் கண்டு சுதந்திரத்தை உணரும் இந்தத் தலைகீழ்ப் பாதையே காண்ட்டின் அரிய கண்டுபிடிப்பு என்பேன்.

இந்த விதி உயிருள்ள ஒருத்தியைச் சந்தித்ததும் உண்டு. 1791இல் ஆஸ்திரிய நாட்டுக் கிளாகன்ஃபுர்ட் நகரிலிருந்து மரியா ஃபான் ஹெர்பர்ட் என்னும் இளம்பெண் அவருக்கு மடல் எழுதினாள். காதலித்தவனிடம் நெடுநாள் ஒன்றை மறைத்தாள். பின் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவன் அன்பு குளிர்ந்துவிட்டது. உயிரை விடத் துணிந்தவளை அவர்தம் நூலே தடுத்தது. காண்ட் அடுத்த ஆண்டு விடை எழுதினார். சொல்லாமல் விடுவதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல என விளக்கி, அவள் வருந்துவது பொய்யின் இழிவுக்காகவா, விளைந்த இழப்புக்காகவா என ஆராயச் சொன்னார். 1793 தொடக்கத்தில் அவள் மீண்டும் எழுதினாள். தோழமை திரும்பியது; ஆயினும் உள்ளம் வெறுமையாயிற்று; அறவிதியைப் பின்பற்றுவதில் தனக்கு முயற்சியே தேவைப்படவில்லை, எதிலும் ஆசை இல்லாதவளுக்கு எதிர்க்க என்ன உண்டு என்பது அவள் வினா. ஆசையை அடக்கிக் கடமையாற்றுவதிலேயே அறத்தின் மாண்பைக் கண்டவருக்கு இதைவிடக் கூரிய வினாவை எந்தப் பேராசிரியரும் தொடுத்ததில்லை. காண்ட் விடையளிக்கவில்லை. அம்மடல்களை நண்பர் மகளான எலிசபெத் மதர்பி என்னும் பெண்ணுக்கு, கற்பனை மயக்கத்தின் எச்சரிக்கையாக அனுப்பிவைத்தார். எம்மனிதரையும் வெறும் கருவியாகக் கொள்ளற்க என்று உலகுக்கு உரைத்தவர் அவர். 1797இல் வந்த அறநூலிலும் பெண்களைப் பணியாளரோடு சேர்த்து, வாக்குரிமை பெறாத குடிகளாகவே வைத்தார். காலம் அப்படி என்று கடந்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. மரியா 1803இல் தற்கொலை செய்துகொண்டாள்.

அவருக்கும் ஒரு தூக்குமரம், சிறியதாயினும், காட்டப்பட்டது. சமயம் பற்றிய அவர்தம் நூலுக்காக 1794இல் மன்னன் இரண்டாம் ஃபிரடெரிக் வில்லியம் கண்டன ஆணை அனுப்பினான். எழுபது வயது முதியவர், மாட்சிமை தங்கிய மன்னரின் குடிமகன் என்ற நிலையில் இனிச் சமயம் பற்றி எழுதேன் என வாக்களித்தார். 1797இல் மன்னன் இறந்ததும், வாக்கு அம்மன்னனோடு முடிந்தது என்று கூறி மறு ஆண்டே மீண்டும் எழுதினார். சொற்களை அதற்கென்றே தேர்ந்ததாகவும் வெளிப்படுத்தினார். பொய்யன்று, ஆயினும் மரியாவுக்கு எழுதிய விடையில் மறைத்தலுக்கும் பொய்க்கும் இடையே அவர் வரைந்த கோட்டின்மேல் மிகக் கவனமாக அடியெடுத்து வைத்த நடை.

இறுதி ஆண்டுகளில் நினைவு தவறியது. உயிர் பிரிவதற்குச் சில நாள் முன்பு மருத்துவர் வந்தபோது, நிற்க வலுவின்றித் தள்ளாடியும் விருந்தினர் அமரும்வரை தாம் அமர மறுத்தார் என்பதை உடனிருந்து பேணிய வாசியான்ஸ்கி பதிவு செய்துள்ளார். 1804 பிப்ரவரி 12ஆம் நாள் மறைந்தார். பனியில் நிலம் இறுகிக் கிடந்தமையால் அடக்கம் செய்யப் பதினாறு நாள் காத்திருந்தனர்.