நச்சைத் தேடிய மருத்துவர்

தேக்கா உணவங்காடி நிலையத்தில் சாப்பிட அமர்வதற்கு முன் குழாயைத் திறந்து கைகழுவுகிறோம். அந்தத் தண்ணீர் தூய்மையானதா என்று நாம் ஐயப்படுவதில்லை. முற்காலத்தில் சிராங்கூன் சாலை வட்டாரத்துத் தெருவோரங்களில் உணவு விற்ற பலருக்குக் குழாய்நீர் வசதி இருக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரிலேயே பல தட்டுகளைக் கழுவ வேண்டியிருந்தது. அத்தகைய நீர் மாசுபட்டால் காலரா என்னும் கொடிய நோய் எளிதில் பரவும். 1961-ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் தொடங்கிய காலரா, சில ஆண்டுகளில் சிங்கப்பூரையும் எட்டியது. தெருவோர வணிகர்கள் பின்னர் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டதற்குச் சுகாதாரமும் ஒரு முக்கியக் காரணம்.

காலையில் நலமாக நடமாடியவரை மாலைக்குள் படுக்கையில் சாய்த்துவிடும் இந்நோய், உடலுக்குள் என்னதான் செய்கிறது? இந்த வினாவுக்கு விடை காண வழிதிறந்தவர், கொல்கத்தா மருத்துவர் சம்புநாத் தே.

சம்புநாத் 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள், வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் உள்ள கரிபாட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். வசதி குறைந்த குடும்பம். ஆனால் படிப்பில் அவருக்கு இருந்த ஆர்வமோ பெரியது. உதவித்தொகை பெற்றுப் படித்து, 1939-இல் கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று ஆராய்ச்சி செய்து, 1949-இல் முனைவர் பட்டமும் பெற்றுத் தாயகம் திரும்பினார். அன்றைய வங்காளத்தில் காலரா ஆண்டுதோறும் உயிர்களைக் கொள்ளைகொண்டது. அந்நோயையே தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார்.

காலராவை உண்டாக்கும் கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1884-ஆம் ஆண்டில் கொல்கத்தாவிலேயே உறுதிசெய்திருந்தார். அக்கிருமி ஏதோ ஒரு நச்சைச் சுரக்கிறது என்றும் அவர் கருதினார். ஆனால், எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நச்சை எவராலும் காட்ட இயலவில்லை. ஆய்வாளர்கள் பலர் கிருமியை விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்தனர். விலங்குகள் இறந்தன, ஆயினும் காலராவின் அறிகுறிகள் தோன்றவில்லை.

நோய் குடலில்தானே உண்டாகிறது, அங்கேயே தேடினால் என்ன என்று சம்புநாத் எண்ணினார். ஒரு முயலின் சிறுகுடலில் சிறு பகுதியை இரு முனைகளிலும் நூலால் கட்டி, அதற்குள் காலராக் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் பார்த்தபோது அப்பகுதி நீரால் நிறைந்து பருத்திருந்தது. இந்த எளிய முறையை அவர் 1953-இல் வெளியிட்டார்.

ஓர் ஐயம் எஞ்சியது. குடலில் நீரைப் பெருக்கியது கிருமியா, அது வெளியிட்ட பொருளா? அதை அறிய, கிருமிகளை ஊட்டநீரில் வளர்த்தார். பிறகு அந்நீரை மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்து, கிருமிகள் அனைத்தையும் நீக்கினார். கிருமியே இல்லாத அந்த நீரை முயலின் குடலில் செலுத்தியபோதும் குடல் பருத்தது. நச்சு இருப்பது உறுதியாயிற்று. 1959-ஆம் ஆண்டு மே மாதம் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் இம்முடிவு வெளிவந்தது.

கிருமிகளின் நச்சுகள் எல்லாம் ஒரே வகையில் செயல்படுவதில்லை. நம் உடலுக்குள் நுழையும் கிருமிகளை விழுங்கி அழிக்கும் காவலர்கள் இரத்த வெள்ளை அணுக்கள். சீழ்ப்புண்களை உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகள் சில, அந்தக் காவலர்களையே குறிவைக்கின்றன. அவற்றின் நச்சு வெள்ளை அணுக்களின் உறையில் துளையிட்டு அவற்றைக் கொல்கிறது. மாடுகளுக்கு நுரையீரல் நோய் தரும் ஒரு கிருமியும் இவ்வாறே மாட்டின் வெள்ளை அணுக்களைத் தாக்குகிறது. காலரா நச்சின் வழி வேறு. அது குடலின் உட்சுவரில் உள்ள அணுக்களைக் கொல்வதில்லை. அவை உப்பையும் நீரையும் ஓயாமல் வெளியேற்றும்படி செய்துவிடுகிறது. நோய் முற்றியவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீரைக்கூட இழக்கலாம்.

இழந்ததை ஈடுசெய்தால் நோயாளி பிழைப்பார் அல்லவா? குடல் சிதைவதில்லை என்பதால், சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை அது உறிஞ்சிக்கொள்ளும். 1971-இல் வங்காள அகதி முகாம்களில் இந்தக் கரைசலே ஆயிரக்கணக்கானோரைக் காத்தது. பிற்காலத்தில், காலரா நச்சின் தீங்கற்ற ஒரு பகுதியைச் சேர்த்து வாய்வழித் தடுப்பு மருந்தும் உருவாக்கப்பட்டது.

இத்தனை நன்மைக்கு வித்திட்டவரை உலகம் உடனே கண்டுகொள்ளவில்லை. நச்சைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க அவர் முயன்றார். அதற்கு வேண்டிய கருவிகள் அவரிடம் இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து அமெரிக்க ஆய்வாளர்கள் அதைச் செய்துமுடித்தனர். சம்புநாத் 1973-இல் பணி ஓய்வு பெற்றார். 1978-இல்தான் நோபெல் அறக்கட்டளை, காலராவைப் பற்றிய கருத்தரங்குக்கு அவரை அழைத்தது. நோபெல் பரிசு பெற்ற அறிஞர் ஜோஷுவா லெடர்பர்க், அப்பரிசுக்குச் சம்புநாத்தின் பெயரை ஒருமுறைக்கு மேல் பரிந்துரைத்தார். பரிசு கிட்டவில்லை. தாய்நாட்டின் பெரிய விருதுகளும் அவரைத் தேடி வரவில்லை. 1985-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் அவர் மறைந்தார். ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, இந்திய அறிவியல் இதழான 'கரண்ட் சயின்ஸ்' அவருக்காக ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது.

சம்புநாத்திடம் இருந்தவை சில முயல்கள், ஒரு நூல், ஒரு வடிகட்டி, சரியான ஒரு கேள்வி. பாராட்டு வருமா என்று காத்திராமல் அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தார். அடுத்த முறை தேக்காவில் கைகழுவும்போது, காணாத ஊரில் காணாத பகையோடு போராடிய அந்த மருத்துவரை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.